பாக்கெட் பாலில் கெட்டித் தயிர் வரவே வராதா?

வைகைக்கரை
2024 ஏப்ரல் 6, காலை 10:20

பாக்கெட் பால் என்பதே பவுடரைக் கரைத்த தண்ணீர்தான், அதனால்தான் தயிர் கெட்டியாவதில்லை என்கிறேன். நீலப் பாக்கெட், அரை லிட்டர். பொங்கியதும் இறக்கி, ஆறவைத்து, ஒரு குழிக்கரண்டி தயிர் ஊற்றி ராத்திரி வைக்கிறேன். காலையில் மேலே தண்ணீர், கீழே கொழகொழ. கரண்டியில் எடுத்தால் நூல் விடுகிறது. அதைக் கடைந்தால் வெண்ணெய் பொட்டுக்கூடத் திரளவில்லை. கறந்த பாலுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. பாலை மாற்றுவதைத் தவிர வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

உறிப்பானை
ஏப்ரல் 6, காலை 11:45

தண்ணீர், கொழகொழப்பு, நூல், வெண்ணெய் என நாலு புகாரை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றல்ல. பவுடர் இதில் எதற்குமே காரணமில்லை.

முதலில் பவுடர் விஷயம். எருமைப் பாலில் கொழுப்பு 6, 7 சதவீதம் இருக்கும். அதோடு கொழுப்பு நீக்கிய பால்பவுடரும் தண்ணீரும் கலந்து, கொழுப்பை மட்டும் குறைத்து, மற்றச் சத்தைக் குறையாமல் நிறுத்துவதுதான் டோன்டு பால். 1940களில் பம்பாயில் பால் துறை அதிகாரி தாரா குரோடி செய்து காட்டிய முறை. அன்றைக்கு நகரத்தில் பால் பற்றாக்குறை, இருந்த பாலைப் பல வீட்டுக்குக் கொடுக்க அது வழி செய்தது. கலப்படம் என்று சொல்வது நியாயமில்லை.

பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள். ஆவின் நீலத்தில், அதாவது டோன்டு பாலில், கொழுப்பு 3 சதவீதம், கொழுப்பில்லாத திடப்பொருள் 8.5. பச்சையில் 4.5, 8.5. ஆரஞ்சில் 6, 9. நல்ல பசும்பாலிலும் அந்த இரண்டாவது எண் எட்டரையை ஒட்டித்தான் இருக்கும். தயிரைக் கட்டி நிறுத்துவது அந்த இரண்டாவது எண்ணுக்குள் இருக்கும் புரதம். கொழுப்பு ருசிக்கும் வழவழப்புக்கும். ஆக நீலப் பாக்கெட்டில் கெட்டித் தயிருக்கு வேண்டிய சரக்கு இருக்கிறது. கெடுத்தது, பொங்கியதும் இறக்கியதுதான்.

பால் புரதத்தில் ஐந்தில் நாலு பங்கு கேசின். மீதி, பால் திரிந்தால் பிரியுமே அந்தத் தெளிநீரில் கரைந்து நிற்கும் புரதங்கள். பால் புளித்து பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், புளிக்கப் புளிக்க இறங்கும்) 4.6 பக்கம் வரும்போது கேசின் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு வலையாகிறது. தெளிநீர்ப் புரதம் சூட்டில் முறுக்கு அவிழ்ந்து கேசின்மேல் ஒட்டியிருந்தால் வலை நெருக்கமாகும், தண்ணீரை வெளியே விடாது. அந்த ஒட்டல் நடக்க 85 டிகிரியில் அரை மணி நேரம், அல்லது 90, 95 டிகிரியில் ஐந்து நிமிடம் வேண்டும். தயிர் ஆலைகளில் இந்தக் கணக்கில்தான் காய்ச்சுகிறார்கள். ஒரு பொங்கு பொங்கி இறக்கிய பாலில் அது பாதிதான் நடந்திருக்கும்.

செய்ய வேண்டியது: பால் பொங்கி எழுந்ததும் அடுப்பைச் சிம்மில் வையுங்கள். எட்டு முதல் பத்து நிமிடம். அடி பிடிக்காமல், ஆடை கட்டாமல் கரண்டியால் துழாவிக்கொண்டே இருங்கள். பிறகு ஆறவிடுங்கள். சமையல் வெப்பமானி இருந்தால் 40, 42 டிகிரி. இல்லாவிட்டால் சுண்டுவிரலை உள்ளே விட்டால் சூடு தெரிய வேண்டும், விரலை எடுக்கத் தோன்றக்கூடாது. அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உறைதான், குழிக்கரண்டி வேண்டாம். உறைத்தயிரைக் கிண்ணத்தில் கட்டியில்லாமல் அடித்து, இரண்டு கரண்டி பாலில் கரைத்து, அதன்பின் மொத்தப் பாலில் ஊற்றி ஒரே கலக்கு. மூடி வைத்துவிட்டு அசைக்காதீர்கள்.

நூலுக்கும் வெண்ணெய்க்கும் தனியாக எழுதுகிறேன்.

உறிப்பானை
ஏப்ரல் 6, பகல் 12:10

சேர்க்க விட்டது: உறைகிற நேரத்தில் "ஆச்சா பார்ப்போம்" என்று பாத்திரத்தைச் சாய்த்துப் பார்க்கக்கூடாது. பாதி கட்டிய வலை ஒருமுறை கிழிந்தால் திரும்ப ஒட்டாது. கிழிந்த இடத்தில் தண்ணீர் நிற்கும். ஃபிரிட்ஜ் மேலே வைப்பதும் சரியில்லை, மோட்டார் அதிர்ந்துகொண்டே இருக்கும்.

பால்வண்டி
ஏப்ரல் 6, இரவு 9:30

பால் பண்ணை ஆய்வகத்தில் வேலை. உறிப்பானை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பாக்கெட் பாலை ஏற்கெனவே காய்ச்சித்தானே அனுப்புகிறார்கள், மறுபடி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பாஸ்டரைசேஷன் என்பது 72 டிகிரியில் 15 விநாடி. நோய்க்கிருமியைக் கொல்ல அது போதும். தெளிநீர்ப் புரதம் அந்தச் சூட்டில் பெரும்பாலும் அப்படியே இருக்கும். எனவே குடிப்பதற்கு மறுபடி காய்ச்சுவது உங்கள் விருப்பம், தயிருக்குக் காய்ச்சியே ஆக வேண்டும்.

அட்டைப் பெட்டியில் வரும் யூஎச்டி பால் வேறு கதை. 135 டிகிரிக்கு மேலே சில விநாடிகள் போய் வந்த பால் அது. புரதம் ஏற்கெனவே அவிழ்ந்துவிட்டது. வெதுவெதுப்பாக்கி உறை ஊற்றினாலே போதும். ஆனால் கட்டி கொஞ்சம் தளர்வாகத்தான் நிற்கும், அந்தப் பாலில் பன்னீர் நன்றாக வராது.

உறிப்பானை
ஏப்ரல் 7, காலை 7:15

பால்வண்டி சார் சொன்னது சரி.

இப்போது நூல். அது பாலின் குணமே இல்லை, உறையின் குணம். சில வகைத் தயிர்க் கிருமிகள் சர்க்கரைச் சங்கிலிகளை நூற்று வெளியே விடும். கொழகொழப்பும் நூலும் அதனால்தான். பின்லாந்தில் வீலி என்று ஒரு தயிர் உண்டு, அதை வேண்டுமென்றே நூல் விடும்படி உறைய வைத்து, அப்படியே ஸ்பூனில் சுழற்றிச் சாப்பிடுகிறார்கள். எனவே நூல் விட்டாலே விஷம் என்று பயப்பட வேண்டாம். மணமும் நிறமும் சரியாக இருந்தால் குழம்பில் போட்டுத் தீர்க்கலாம். கசப்போ, ஈஸ்ட் வாடையோ, மேலே இளஞ்சிவப்புப் படையோ இருந்தால் முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

நம் வீட்டில் நூல் தோன்றுவது பெரும்பாலும் இரண்டு வழியில். பால் அளவுக்கு மேல் ஆறிய பிறகு உறை ஊற்றுவது, அப்போது குளிர்ச்சி விரும்பும் கிருமிகள் முந்திக்கொள்ளும். அல்லது ஒரே உறையை ஃபிரிட்ஜிலேயே வைத்துத் திரும்பத் திரும்ப எடுப்பது. உறையை மாற்றாமல் எதைச் செய்தும் நூல் போகாது. பழைய தயிர் ஒரு சொட்டுக்கூட மிஞ்சக்கூடாது. பாத்திரம், மூடி, கரண்டி எல்லாவற்றிலும் கொதிநீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்து, வேறு வீட்டிலிருந்து உறை வாங்குங்கள். பக்கத்து வீட்டுத் தயிர் நூல் விடுகிறதா என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

வைகைக்கரை
ஏப்ரல் 9, காலை 8:05

எதிர்வீட்டு உறை. சிம்மில் பத்து நிமிடம். நூல் இல்லை, கட்டியாகவும் நிற்கிறது. பாலைக் குறை சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன், பாதியளவு. மேலே தண்ணீர் மட்டும் இன்னும் நிற்கிறதே? புளிப்பும் தூக்கல். எட்டு மணிக்கு உறை ஊற்றி, காலை ஆறு மணிக்கு எடுத்தேன்.

உறிப்பானை
ஏப்ரல் 9, காலை 8:40

மதுரையில் ஏப்ரல் இரவு, பத்து மணி நேரம். பதிலே அதில் இருக்கிறது. 40 டிகிரியில் தயிர் நாலு, ஐந்து மணி நேரத்தில் கட்டிவிடும். அறையே முப்பதுக்கு மேல் இருக்கும்போது ஆறு மணி நேரம் தாராளம். அதன்பிறகு புளிப்பு ஏறிக்கொண்டே போகும், வலை சுருங்கும், சுருங்கினால் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். நீங்கள் பார்த்த தண்ணீர் அதுதான்.

கோடையில் உறையை அரை டீஸ்பூனாகக் குறையுங்கள். அல்லது படுக்கப்போகும்போது, பாலை 35 டிகிரி அளவுக்கு ஆறவைத்து ஊற்றுங்கள். இன்னும் நல்லது, மதியம் ஊற்றி மாலையில் கட்டியதும் ஃபிரிட்ஜில் தள்ளிவிடுவது. குளிரில் மூன்று நாலு மணி நேரம் இருந்தால் கட்டி இன்னும் இறுகும். கரண்டி போடுவது அதன்பிறகு இருக்கட்டும்.

மார்கழியில் இதெல்லாம் தலைகீழ். கொடைக்கானலில் இருப்பவர்கள் நான் சொன்ன அரை டீஸ்பூனை நம்பி ஊற்றினால் காலையில் பாலாகவே இருக்கும். அங்கே ஒன்றரை டீஸ்பூன், 43 டிகிரி, பாத்திரத்தைத் துணியில் சுற்றி மூடிய ஓவனுக்குள்ளோ அரிசிப் பானைக்குள்ளோ வைக்க வேண்டும். பாலின் சூடு 45ஐத் தாண்டினால் நம் வீட்டு உறையில் பாதிக் கிருமி சுணங்கிவிடும். ஐம்பதுக்கு மேல் ஊற்றுவதும் ஊற்றாததும் ஒன்று.

கெட்டி இன்னும் வேண்டுமென்றால், பவுடரைப் பழித்தீர்களே, அந்தப் பவுடர்தான் கைகொடுக்கும். அரை லிட்டருக்குக் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் இரண்டு டேபிள்ஸ்பூன், ஆறிய பாலில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். இரண்டாவது எண் எட்டரையிலிருந்து பதினொன்றுக்குப் போகும். வெட்டி எடுக்கிற மாதிரி நிற்கும்.

அடுக்களை
ஏப்ரல் 9, மாலை 4:30

உறையே இல்லாத நேரத்தில் பச்சைமிளகாய்க் காம்பு போட்டால் உறையும் என்கிறார்களே, நடக்குமா?

உறிப்பானை
ஏப்ரல் 9, மாலை 6:00

நடக்கும். காம்பிலும் அதன் தொப்பியிலும் லாக்டிக் அமிலக் கிருமிகள் ஒட்டியிருக்கும். அரை லிட்டர் வெதுவெதுப்பான பாலுக்கு ஏழெட்டுக் காம்பு, பன்னிரண்டு மணி நேரமாவது ஆகும். முதல் ஈடு தளர்வாகவும் ஒரு பச்சை வாடையோடும் இருக்கும், அதைச் சாப்பிட எடுக்காமல் ஒரு டீஸ்பூனை அடுத்த பாலுக்கு உறையாக ஊற்றுங்கள். மூன்றாவது ஈட்டில்தான் தயிர் தயிராகும். காம்பில் என்னென்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்பதால் இதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. மணம் பிசகினால் தூக்கிப் போடுங்கள்.

பால்வண்டி
ஏப்ரல் 10, காலை 6:50

கறந்த பால் என்றாலே உயர்த்தி என்ற எண்ணத்துக்கு ஒரு வார்த்தை. மாட்டுக்கு மடிநோய் வந்து ஊசி போட்டால் குறிப்பிட்ட நாட்களுக்கு அந்தப் பாலை ஒதுக்கச் சொல்லுவோம். ஒதுக்காமல் ஊற்றிவிட்டால் அந்த மருந்து பாலில் இருக்கும், உறைக்கிருமி எழும்பாது. ஒரே மாட்டுப் பால் வாங்குகிறவர்களுக்கு "நேற்று வரை நன்றாக உறைந்தது, இன்று பாலாகவே நிற்கிறது" என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பென்சிலின் மிகக் கொஞ்சம் இருந்தாலே தயிர்க் கிருமிக்கு ஆகாது.

பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரை நம்பி ஏமாறவும் வேண்டாம். தண்ணீர் ஊற்றினால் அளவு இறங்கும், ஆடையை எடுத்தால் அளவு ஏறும். இரண்டையும் செய்தால் அளவு சரியான இடத்திலேயே நிற்கும்.

உறிப்பானை
ஏப்ரல் 13, காலை 10:00

வெண்ணெய் பாக்கி. கணக்கிலிருந்து தொடங்குகிறேன். ஒரு லிட்டர் நீலப் பாலில் கொழுப்பு மொத்தமே 31 கிராம். வெண்ணெயில் ஐந்தில் நாலு பங்கு கொழுப்பு, எனவே ஒரு சொட்டு வீணாகாமல் எடுத்தாலும் 38 கிராம்தான் கிடைக்கும். வைகைக்கரை அரை லிட்டர் தயிரைக் கடைந்தால் அதிகபட்சம் 19 கிராம், கைக்கு வருவது அதில் பாதி. அதை மத்திலும் சட்டியிலும் தேட வேண்டும். வெண்ணெய்க்கு ஆரஞ்சுப் பாக்கெட் வாங்குங்கள், லிட்டருக்கு 62 கிராம் கொழுப்பு.

பாக்கெட்டில் "ஹோமோஜினைஸ்டு" என்று போட்டிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். பசும்பாலில் கொழுப்புத் திவலை மூன்று, நாலு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) இருக்கும். அந்த இயந்திரத்தில் ஒரு மைக்ரானுக்கும் கீழே நொறுங்கிவிடும். நொறுங்கிய திவலை மேலே மிதந்து ஆடையாகாது, கடைந்தாலும் ஒன்றோடொன்று சேராது. டீக்கும் தயிருக்கும் அது அருமையான பால், வெண்ணெய்க்கு ஆகாது.

ஆடை சேர்க்கும் முறை: காய்ச்சிய பாலை மூடாமல் ஆறவைத்து, ஃபிரிட்ஜில் ஆறு மணி நேரம் வைத்து, மேலே படியும் ஆடையை அகப்பையால் தூக்கி ஒரு டப்பாவில். முதல் ஆடையிலேயே ஒரு ஸ்பூன் தயிர் கலந்துவிட்டால் சேரும் ஆடை கெட்ட வாடை அடிக்காது. ஒரு வாரத்துக்கு மேல் சேர்க்க வேண்டாம், கசப்புத் தட்டும். கடைகிற நாளில் டப்பாவை நாலு மணி நேரம் வெளியே வைத்துப் புளிக்கவிட்டு, மறுபடி குளிரவைத்துக் கடையுங்கள்.

கடையும்போது சூடுதான் எஜமான். 12 முதல் 15 டிகிரிக்குள் இருந்தால் திவலைக்குள் கொழுப்பு பாதி கட்டியாகவும் பாதி இளகியும் இருக்கும். மோதும்போது மேல்தோல் கிழிந்து, இளகிய பாதி பசையாகி ஒட்டும். சூடு அதிகமானால் எல்லாம் இளகி எண்ணெயாக மோரிலேயே போய்விடும், திரள்வது பிசுபிசுவென்று கையில் ஒட்டும். ரொம்பக் குளிர்ந்தால் திவலை கல்லாகி, எவ்வளவு கடைந்தாலும் நுரைதான் வரும். கிராமத்தில் விடியற்காலையில் மத்தைக் கயிற்றில் கட்டியது இந்தச் சூட்டுக்காகத்தான். மிக்ஸியில் செய்பவர்கள் ஐஸ்தண்ணீர் ஊற்றி, விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். ஒரேயடியாக ஓட்டினால் ஜாரே சூடேறும். முதலில் ஒரே நுரையாகப் பொங்கும், பிறகு சத்தம் மாறி "சளக் சளக்" என்று கேட்கும், கடுகளவு மணிகள் தெரியும். அங்கே நிறுத்திக் கையால் திரட்டுங்கள். குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று தடவை, தண்ணீர் தெளியும்வரை பிசைந்து கழுவினால் மோர் மிச்சம் இருக்காது, வெண்ணெய் சீக்கிரம் காறாது.

அடுக்களை
ஏப்ரல் 13, மதியம் 1:15

நெய்யையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். எனக்கு ஒன்று வெளுத்துப் போகிறது, இல்லை கருகிவிடுகிறது. மணல் மணலாக வரவே இல்லை.

உறிப்பானை
ஏப்ரல் 13, மாலை 5:20

காதை வைத்துக் காய்ச்சுங்கள். உருகிய வெண்ணெயில் தண்ணீர் இருக்கும்வரை சடசடவென்று சத்தம் வரும், சூடு நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும், அதுவரை கருகவே கருகாது. எனவே அதுவரை நடுத்தரத் தீ போதும். சத்தம் அடங்கிய கணத்திலிருந்து சூடு வேகமாக ஏறும். அப்போது தீயைச் சிம்மில் வைத்துவிட்டு அடுப்பைவிட்டு நகராதீர்கள். முதல் நுரை பெரிய குமிழாக, வெள்ளையாக இருந்தது போய், இரண்டாவதாகப் பொடிநுரை ஒன்று மேலே எழும். அடியில் கசடு இளம் பொன்னிறமாக இருக்கும். அதுதான் இறக்கும் பதம். கசடு நல்ல பழுப்பாகும்வரை காத்திருந்தால் தாமதம், ஏனென்றால் அடுப்பை அணைத்த பிறகும் பாத்திரச் சூட்டில் அது சிவந்துகொண்டே இருக்கும். முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி அப்போது போடுங்கள், ஈரமில்லாமல் துடைத்த கீரை. அது பொரிந்து அடங்கும்போது சூட்டையும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும்.

வீட்டு வெண்ணெய் அரைக் கிலோவுக்கு நெய் 350 முதல் 400 கிராம் வரும். உப்பு போட்ட மஞ்சள் வெண்ணெயில் காய்ச்சாதீர்கள், கசடு உப்புக் கரிக்கும்.

மணல் பதம் முழுக்க முழுக்க ஆறும் வேகத்தில் இருக்கிறது. வெதுவெதுப்பாக இருக்கும்போதே வடிகட்டி, சொட்டு ஈரமில்லாத ஜாடியில் ஊற்றி, அறையிலேயே அசைக்காமல் ஒரு நாள் விடுங்கள். 28 டிகிரி பக்கம் மெல்ல மெல்லக் குருணை கட்டும். சீக்கிரம் உறையட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்தால் எல்லாம் ஒரே நேரத்தில் இறுகி மெழுகாகிவிடும். பழைய மணல் நெய் ஒரு ஸ்பூன் ஆறிய நெய்யில் போட்டுவைத்தால் குருணை அதைச் சுற்றிப் பிடிக்கும். எருமை நெய்யில் குருணை பெரிதாக வரும். சித்திரை வெயிலில் எந்த நெய்யும் இளகித்தான் நிற்கும், அதற்குக் கவலைப்பட வேண்டாம்.

மட்டுநகர்
ஏப்ரல் 20, இரவு 8:10

மட்டக்களப்பிலிருந்து எழுதுறன். இங்க எருமைத் தயிர் மண்சட்டியிலதான் உறைய வைக்கிறது. பால் நல்லாக் காய்ச்சி, சட்டியில ஊத்தி, உறை விட்டுக் கடதாசியால மூடிக் கட்டி வைப்பினம். சட்டியோட கவிழ்த்தாலும் விழாது. கித்துள் பாணி, அதாவது கித்துள் பனைப் பாகு, ஊத்திச் சாப்பிடுறது. ஸ்டீல் பாத்திரத்தில அந்தப் பதம் வராது எண்டுதான் எங்கட ஆக்கள் சொல்லுவினம். சட்டியில என்ன இருக்கு?

உறிப்பானை
ஏப்ரல் 21, காலை 7:30

சட்டியில் இரண்டு வேலை நடக்கிறது. சுடுமண் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது, மேலே தேங்க வேண்டிய தெளிநீர் சுவரில் ஊறிவிடும். ஊறிய நீர் வெளிப்பக்கம் ஆவியாகும்போது சட்டி குளிரும், தயிர் கட்டிய பிறகு புளிப்பு ஏறுவது மட்டுப்படும். எருமைப் பாலில் கேசினும் கொழுப்பும் பசும்பாலைவிடக் கூடுதல், எனவே கட்டி நிற்பதில் பெரிய பங்கு பாலுக்குத்தான்.

ஒரு எச்சரிக்கை. சட்டியின் நுண்துளைகளில் பழைய தயிர் தங்கும். நல்ல உறை என்றால் அது வரம். நூல் விடும் உறை ஒருமுறை புகுந்துவிட்டால் அந்தச் சட்டியைக் கொதிநீரில் மீட்பது கடினம், தயிருக்கு இனி எடுக்காதீர்கள். ஏப்ரல் 7ஆம் தேதி பாத்திரத்தைக் கொதிநீரில் கழுவச் சொன்னது எவர்சில்வருக்கும் கண்ணாடிக்கும் மட்டும் பொருந்தும்.

அடுக்களை
மே 4, காலை 11:00

கெட்டித் தயிர் வந்துவிட்டது. அதே தயிரில் மோர்க்குழம்பு வைத்தால் திரிந்து திப்பித் திப்பியாகிறது. வெண்பூசணிக்காய் போட்ட குழம்பு.

உறிப்பானை
மே 4, பகல் 12:30

தயிரின் வலை ஏற்கெனவே புளிப்பில் கட்டியது. அதைக் கொதிக்கவிட்டால் சுருங்கித் தண்ணீரைத் துப்பத்தான் செய்யும். மாவுச்சத்து நடுவில் புகுந்து நின்றால் சுருங்க விடாது. அதனால்தான் மோர்க்குழம்பில் ஊறவைத்த துவரம்பருப்பும் பச்சரிசியும் அரைத்துவிடுகிறோம்.

அரை லிட்டர் புளித்த தயிருக்கு: துவரம்பருப்பு ஒரு டேபிள்ஸ்பூன், பச்சரிசி ஒரு டீஸ்பூன், அரை மணி நேரம் ஊறியது. தேங்காய்த் துருவல் மூன்று டேபிள்ஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன், பச்சைமிளகாய் மூன்று, இஞ்சி சிறு துண்டு. மைய அரையுங்கள், கொரகொரப்பு இருந்தால் மாவுச்சத்து வெளியே வராது. தயிரைக் கால் டம்ளர் தண்ணீர் விட்டு மத்தால் கடைந்து, அரைத்ததை அதில் கலந்துவிடுங்கள். தனித்தனியாக ஊற்றக்கூடாது.

பூசணிக்காயை உப்பும் மஞ்சளும் போட்டு முக்கால் பதம் தனியே வேகவைத்து, வெந்த தண்ணீரை வடித்துவிடுங்கள். உங்கள் குழம்பு நீர்த்ததில் அந்தத் தண்ணீருக்கும் பங்கு உண்டு. காய் கொஞ்சம் ஆறியதும் தயிர்க் கலவையை ஊற்றி, சிறு தீயில் ஒரே பக்கமாகத் துழாவிக்கொண்டே இருங்கள். ஐந்தாறு நிமிடத்தில் ஓரத்தில் நுரை கட்டி நடுவை நோக்கி வரும். அப்போதே இறக்கிவிடுங்கள், கொதி வர விடக்கூடாது. மீதி உப்பும் தாளிப்பும் இறக்கிய பிறகு. சூடாக இருக்கும்போது மூடி போடாதீர்கள். அவியலுக்கும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் தயிர்.

வைகைக்கரை
மே 5, காலை 9:00

திரிவது என்று வந்ததால் கேட்கிறேன். வெல்லப் பாயசம் எப்போதும் திரிகிறது. சர்க்கரைப் பாயசம் திரிவதில்லை.

உறிப்பானை
மே 5, காலை 9:25

வெல்லத்தில் லேசான புளிப்பும் தாது உப்புகளும் இருக்கின்றன. இரண்டும் சூடான பாலுக்கு ஆகாது. அரிசி பருப்பை வேகவைத்து, வெல்லப் பாகை வடிகட்டி ஊற்றி, கொதித்துப் பச்சை வாடை போனதும் இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். காய்ச்சி ஆறிய பாலை அப்போது ஊற்றுங்கள். அதன்பின் அடுப்பில் ஏற்றாதீர்கள். மறுநாள் சூடாக்கியே ஆகவேண்டிய பாயசம் என்றால் பசும்பால் வேண்டாம், தேங்காய்ப்பால் ஊற்றுங்கள்.

பால் பழசா என்ற சந்தேகம் இருந்தால் ஒரு குழிக்கரண்டியில் கொஞ்சம் எடுத்துத் தீயில் காட்டிக் கொதிக்கவிடுங்கள். திரிந்தால் மொத்தப் பாலும் திரியும். பால் கொள்முதல் நிலையங்களில் குழாயில் ஐந்து மில்லி ஊற்றிச் செய்யும் சோதனையும் இதே.

பால்வண்டி
மே 5, இரவு 10:00

திரிந்த பாலைக் கொட்டிவிடாதீர்கள், நாற்றமில்லை என்றால் எலுமிச்சை விட்டு முழுக்கத் திரித்துப் பன்னீராக்கலாம். ஆனால் நல்ல பன்னீர் வேண்டுமென்றால் நல்ல பால்தான். ஆரஞ்சுப் பாக்கெட் ஒரு லிட்டர், ஒரு கொதி வந்ததும் இறக்கி 80 டிகிரிக்கு ஆறவிடுங்கள். இரண்டு கிராம் சிட்ரிக் அமிலத்தை அரை டம்ளர் வெந்நீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மெல்லத் துழாவுங்கள். தெளிநீர் இளம்பச்சையாகத் தெளிந்ததும் ஊற்றுவதை நிறுத்துங்கள், அமிலம் மிஞ்சினாலும் மிஞ்சட்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ரப்பர் மாதிரி ஆகும். துணியில் வடித்து, தண்ணீரில் ஒருமுறை அலசி, பாரம் வைத்து அரை மணி நேரம். 180 முதல் 200 கிராம் வரும்.

அடுக்களை
மே 6, காலை 7:00

பால்கோவா? ஸ்ரீவில்லிபுத்தூர் பதத்தில்?

உறிப்பானை
மே 6, காலை 10:15

பாலும் சர்க்கரையும் மட்டும். ஆரஞ்சுப் பால் ஒரு லிட்டருக்குச் சர்க்கரை 120 கிராம், கடைசியில் 330 கிராம் பக்கம் வர வேண்டும். அதற்குக் குறைந்தால் மறுநாள் கட்டிதட்டும். அகலமான அடிகனத்த வாணலி. பால் ஊற்றுமுன் தண்ணீரால் அலசி ஈரத்தோடே பாலை ஊற்றுங்கள், ஒட்டல் குறையும். பெரிய தீயில் கொதிக்கக் கொதிக்க, தோசைத் திருப்பியால் அடியைச் சுரண்டிக்கொண்டே கிளற வேண்டும். ஓரத்தில் படியும் ஆடையை வழித்து உள்ளே தள்ளிக்கொண்டே இருங்கள், திரட்டுத்தன்மை அதிலிருந்துதான் வருகிறது. பால் மூன்றில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகு சர்க்கரை. முதலிலேயே போட்டால் அடி பிடித்து நிறம் கறுக்கும். சர்க்கரை போட்டதும் ஒருமுறை இளகும், பயப்பட வேண்டாம். அங்கிருந்து சிறு தீ. கரண்டியால் இழுத்தால் அடி தெரிந்து இரண்டு விநாடி மூடாமல் நிற்கும்போது இறக்கிவிடுங்கள், ஆறும்போது இன்னும் இறுகும்.

வைகைக்கரை
மே 18, காலை 6:40

கடைசிக் கேள்வி. நாளை விடியற்காலை ரயில், மதியம் சாப்பிட வேண்டும். தயிர்சாதம் புளிக்காமல் இருக்க?

உறிப்பானை
மே 18, காலை 7:05

பச்சரிசி ஒரு டம்ளர், தண்ணீர் நாலு டம்ளர், குழைய வேகவையுங்கள். சூடாக இருக்கும்போதே மத்தால் மசித்து, காய்ச்சிய பால் இரண்டு டம்ளரும் வெண்ணெய் ஒரு ஸ்பூனும் விட்டுக் கலக்குங்கள். ரொம்ப இளக்கமாகத் தெரிந்தாலும் இன்னும் ஒரு கை பால் விடலாம், ஆறும்போது சாதம் குடித்துவிடும். கை பொறுக்கும் சூடு வந்ததும் புளிக்காத தயிர் இரண்டு டேபிள்ஸ்பூன், உப்பு. ஐந்து மணிக்குக் கலந்தால் பதினோரு மணிக்குப் பெட்டிக்குள்ளேயே தயிராகியிருக்கும். தாளிப்பில் இஞ்சி, மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை போடலாம். வெள்ளரி, மாங்காய், மாதுளை எல்லாம் தனி டப்பாவில் எடுத்துப் போங்கள், கலந்தால் நீர் விடும். இரண்டு மணிக்குமேல் மிச்சம் வைக்காதீர்கள்.